யார் உட்கார்ந்தார்?

மலாயாவுக்குப் போகிறவர்கள் பிழைக்கப் போவார்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கப் போனேன். யாராவது ஒருவர் நேராகப் பதில் சொல்லியிருந்தால் மறுநாளே கப்பல் பார்த்துத் திரும்பியிருப்பேன். சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் பட்ட எரிச்சலை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும், அதற்காகத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் வேலு, வெள்ளைக்காரன் துருக்கியோடு போட்ட பெரிய சண்டையில் கடல் தாண்டிப் பசராவரைக்கும் போய் வந்தவன். சாலை போடுகிற பட்டாளம். திரும்பி வந்து நாலு வருஷம் நிலத்தைப் பார்த்தான். கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாசி மாதம் காய்ச்சலில் விழுந்தான். முதல் நாள் அண்ணியின் அப்பா பார்க்க வந்தார். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சி புகட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அண்ணனுக்கு நினைவு தப்பியது. பிறகு மூன்று நாள், கண்ணை அகலமாக விரித்து, பயந்தவன் மாதிரி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தான். "உக்காந்தாரு... உக்காந்தாரு..."

"யாருடா உக்காந்தாரு?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்தாள். நானும் கேட்டேன். சொல்லாமலே போய்விட்டான்.

அம்மா தானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தவர் சம்பந்தி. கஞ்சியில் எதையோ வைத்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணியையும் குழந்தையையும் வண்டியேற்றி அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. நான் சண்டை போட்டேன். "அப்ப யாரு உக்காந்தான்னு நீ வேற ஆளக் காட்டு. நானே போயி அவளக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

காய்ச்சலின் நடுவே அண்ணன் இரண்டு தரம் பசரா என்றும் சொல்லியிருந்தான். அவனோடு அங்கே இருந்த மூன்று பேர் மலாயாவில் நெகிரி செம்பிலானில் ஒரே ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். கடிதம் போட்டுக் கேட்டேன். இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. பசராப் பக்கத்துத் தைகிரீஸ் ஆற்றை யார் முதலில் கடந்தார்கள் என்று எழுதியிருந்தது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. ஆகவே நேரில் போனேன்.

சிரம்பானில் இறங்கிய அன்றே எரிச்சல் தொடங்கிவிட்டது. சுவா என்ற ஊர்ப் பக்கம் போகிற மோட்டார் பஸ்ஸில் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். மேட்டில் ஏறும்போது பஸ் புகைவிட்டு நின்றது. எல்லோரும் இறங்கி, ஓடையிலிருந்து தகர டின்னில் தண்ணீர் மொண்டு வந்து அதன் வாயில் ஊற்றினோம். மூன்று தரம். எங்கள் ஊர் வண்டி நின்றால் மாட்டையாவது அதட்டலாம். இதை என்ன சொல்லி அதட்டுவது? பஸ்ஸை ஓட்டிய மலாய்க்காரர் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

என்னை ஒரு முச்சந்தியில் இறக்கிவிட்டுக் காட்டுக்குள் கையைக் காட்டி, "சிக்கிட் லாகி" என்றார். இன்னும் கொஞ்சம்தான் என்று அர்த்தம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த செட்டியார் சொன்னார். அந்தக் கொஞ்சத்தை இரண்டு மணி நேரம் நடந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். நம் ஊர் மரம் அதன் இஷ்டத்துக்கு நிற்கும். இங்கே அத்தனையும் பிடித்து நிறுத்தியதுபோல் வரிசையில் நிற்கின்றன. எங்கே திரும்பினாலும் வந்த வழியாகவே தெரிகிறது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலில் ஏழு அட்டை.

முதலில் அகப்பட்டவர் கோவிந்தன். பட்டாளத்தில் அவில்தாராக இருந்தவர், இப்போது தோட்டத்தில் மண்டோர், வேலையாட்களை மேய்ப்பவர். மீசையை அங்கேயும் முறுக்கினார், இங்கேயும் முறுக்குகிறார். நான் தெரியாமல் "மண்டோரய்யா" என்று கூப்பிட்டுவிட்டேன்.

"மண்டோர்னு தொர கூப்புடுவான், அவனுக்கு விதி. நீ வேலுவோட தம்பி. அவில்தார்னு கூப்புடு."

"அவில்தாரய்யா, அண்ணன் சாகும்போது..."

"தெரியும், காயிதம் வந்துச்சு. மொதல்ல கை கழுவு. பட்டாளத்துல வெறும் வயித்தோட சேதி கேக்க மாட்டோம்."

கூலி வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் அவருடைய வீட்டம்மா ரங்கூன் அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். குழம்பில் மலாய்க்காரர்களின் இறால் புளிப்பு ஒன்றைக் கரைத்திருந்தாள். வாசனைக்குக் கொஞ்சம் பயந்தேன். சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் கேட்டேன். சாப்பாடு முடிந்தது. சேதி வரவில்லை. பசராவுக்குப் போன கப்பலில் எத்தனை பேர் வாந்தி எடுத்தார்கள், அவில்தார் எப்படி எடுக்கவில்லை என்பது வந்தது.

மறுநாள் விடியற்காலை பெரட்டுக்களத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். வேலைக்குப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற இடம். "பெரட்டுன்னு சொல்றான் பாரு, பட்டிக்காட்டான். அது பரேடு" என்று என் காதில் சொன்னார். பால் வெட்டுகிறவர்கள் கத்தியும் வாளியுமாகக் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்து "ஆட்டேன்ஷன்!" என்றார். ஒரு கிழவி, "ஏன்யா, தெனமும் இதே ரோதனையா?" என்று வெற்றிலையைத் துப்பினாள். பேர் ஏட்டை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, உவர் இன்னும் சண்டையாலை திரும்பி வரேல்லை. நீர் என்னத்துக்கு வந்தனீர்?"

"ஒரு கேள்வி கேக்க வந்தேங்க."

"உவையிட்டையோ? நல்லாக் கேட்டீர். நான் வந்த நாள் தொட்டு உந்த ஆத்தைத்தான் கடக்கினம். இன்னும் கரை சேரேல்லை."

வரிசை கலைந்ததும் அவில்தாரின் வழியை மறித்து நின்று கேட்டேன். "யாரு உக்காந்தாரு?"

அவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். தூரத்தில் மரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உக்காந்தாரா? அது நம்ம கேப்டன் தொரதான். குதிரை மேல உக்காந்தாருன்னா மூணு நாளு எறங்க மாட்டாரு. உன் அண்ணனுக்கு அவர் மேல உசுரு."

"அண்ணன் பயந்துக்கிட்டுச் சொன்னான் ஐயா."

"குதிரைன்னா பயம் இருக்காதா?"

மூன்றாம் நாள் மழை. நம் ஊரில் மழை பெய்தால் பெய்தது என்று கொண்டாடுவோம். அங்கே மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, சம்பளம் இல்லை, எல்லோரும் ஆகாயத்தைத் திட்டிக்கொண்டு காதர் பாயின் கடையில் போய் உட்காருகிறார்கள். காதர் பாய் இரண்டாவது ஆள். சண்டையில் கோவேறு கழுதை ஓட்டியவர். இப்போது தோட்டத்து முனையில் ரொட்டியும் டின்பால் கோப்பியும் விற்கிறார். ரொட்டி மிக நன்றாக இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்கிறேன், மற்றது எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"வேலு தம்பியா? முகமே சொல்லுதே! சாப்பிடுலா, காசு கேக்க மாட்டேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே அழுதார். அதனால் இவராவது சொல்வார் என்று நம்பினேன்.

"பாய், உக்காந்தாருன்னா யாரு?"

தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டே யோசித்தார். "உக்காந்தது என் கழுதைதான் தம்பி. படகுப் பாலத்துக்கு நடுவுல உக்காந்துடுச்சு. பின்னால ஒரு பட்டாளமே நிக்குது. அசையல. அப்புறம் நான்தான்..."

"கழுதைய யாராவது 'உக்காந்தாரு'ன்னு சொல்லுவாங்களா?"

"அதுக்கு நம்பர் உண்டு தம்பி. சர்க்கார் கழுதை. மரியாதையாத்தான் சொல்லணும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மழையில் நனைந்துகொண்டு லயத்துக்கு நடந்தேன். என் அண்ணன் செத்துப்போனதைப் பற்றிக் கேட்கிறேன், இவர்கள் கழுதைக் கதை சொல்கிறார்கள். அன்று இரண்டு பேரையும் வெறுத்தேன்.

நான்காம் நாள் அவர்கள் இரண்டு பேரும் என் முன்னாலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள். அவில்தார் ஆற்றைப் படகில் முதலில் கடந்தேன் என்கிறார். கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் அதற்கு முன்பே அக்கரையில் இருந்தேன் என்கிறார் பாய். "வாலப் புடிச்சவனுக்கு வாலு முன்னால போச்சு, நீ பின்னாலதான போன?" என்று அவில்தார் கேட்டார். அதற்காக இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒரே பீடியைப் பற்றவைத்து மாற்றி மாற்றி இழுத்தார்கள்.

மூன்றாவது ஆளான அந்தோணியை நான் அதுவரை பார்க்கவில்லை. ரப்பர் ஷீட்டைக் காயவைக்கிற புகைக்கொட்டகைக்கு அவர் காவல். அங்கே காவல்காரரை ஜாகா என்கிறார்கள். அவரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னபோதெல்லாம் ஒரு தடை வந்தது. "அவன் தூங்குவான்." "அவன் பீரங்கிச் சத்தத்துல செவிடாப் போனவன், கேட்டாலும் விளங்காது." "அங்க போனா புகை கண்ணக் கெடுக்கும்." செவிடனிடம் ஒருவன் பேசினால் இவர்களுக்கு என்ன நஷ்டம்? எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. அவில்தார் பெட்டியிலிருந்து மெடலை எடுத்து, புளி போட்டு விளக்கி, சட்டையில் குத்திக்கொண்டார். பாயும் குத்திக்கொண்டார். மரக்கம்பைத் தோளில் வைத்து லயத்துக்கு முன்னால் நடந்தார்கள். பிள்ளைகள் பின்னால் நடந்தன. பெண்கள் புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் முதுகு நேராகி, வயது குறைந்து, கொஞ்ச நேரம் அழகாகக்கூட இருந்தார்கள். என் அண்ணனும் இப்படி ஒரு நாளாவது மெடலைக் குத்திக்கொண்டு தெருவில் நடந்திருக்கலாமே என்று ஏக்கமாக இருந்தது. அவன் மெடல் எங்கே என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவர்கள் "அபௌட் டர்ன்" சொல்லித் திரும்பியபோது நான் திரும்பவில்லை. நேராகப் புகைக்கொட்டகைக்குப் போனேன்.

அந்தோணி வாசலில் ஒரு கட்டையில் உட்கார்ந்து பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம், ஒடுங்கிய கன்னம். நான் வேலுவின் தம்பி என்றேன். கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே ஒரு சுளையை நீட்டினார். மறுபடி சொன்னேன். இன்னொரு சுளை. அதற்குள் அவில்தார் கம்பும் மெடலுமாக மூச்சிரைக்க ஓடி வருவது தெரிந்தது. பின்னால் பாய். "தம்பி, வேணாம்! வா இந்தப் பக்கம்!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டது. அந்தோணியின் காதருகே வாயை வைத்து, தொண்டை கிழிய, அண்ணன் சொன்னது மாதிரியே கத்தினேன். "உக்காந்தாரு! உக்காந்தாரு!"

பலாச்சுளை கீழே விழுந்தது. அந்தோணி கட்டையிலிருந்து துள்ளி எழுந்து விறைப்பாக நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். நான் கத்தியதைவிட அதிகமாகக் கத்தினார்.

"பிரண்டு! பிரண்டு! சுடாத வேலு! சுடாத, நம்ம பெரியவரு!"

ஓடி வந்த இருவரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பாய்தான் முதலில் வந்து, அந்தோணியின் கையை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, கட்டையில் உட்கார வைத்தார். அவில்தார் மெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"சொல்லிடு கோவிந்தா" என்றார் பாய். "புள்ள கடல் தாண்டி வந்திருக்கு."

அவில்தார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உக்காந்தாரு இல்ல தம்பி. உக்கும்தார். காவல்ல நிக்கிறவன், எதிர யாராச்சும் வந்தா 'உக்கும்தார்'னு கேக்கணும். வர்றது யாருன்னு அர்த்தம். 'ஹூ கம்ஸ் தேர்'ங்கற இங்கிலீசு, நம்ம வாயில அப்படி ஆயிடுச்சு. வர்றவன் 'பிரண்டு'ன்னு சொல்லணும். வேண்டியவன்னு அர்த்தம். மூணு தரம் கேட்டும் பதில் இல்லன்னா சுடணும். அதான் சட்டம்."

"அண்ணன் காவல்ல நின்னானா?"

"ஒரு சாயங்காலம். மண்காத்து, கை நீட்டினா கை தெரியல. கூலிப் பட்டாளத்துல புதுசா ஒரு பெரியவரு வந்திருந்தாரு, நம்ம பக்கத்து ஆளு, தண்ணி எடுக்கறவரு. முன்னால அவரு, பின்னால தூரத்துல அந்தோணி. வேலு கேட்டான், உக்கும்தார்னு. பெரியவருக்கு அந்த வார்த்த தெரியாது. யாரோ தமிழ்ல உக்காரச் சொல்றான்னு நெனச்சாரு." கையிலிருந்த கம்பைக் கீழே வைத்தார். "உக்காந்துட்டாரு தம்பி."

"ரெண்டாந்தரம் கேட்டான்" என்று பாய் சொன்னார். "ஒழுங்கா உக்காரலன்னு அதட்டறான்னு நெனச்சிருப்பாரு. பக்கெட்ட ஓரமா வச்சிட்டு, நல்லா சம்மணம் போட்டு உக்காந்தாரு. நாங்க போய்ப் பாக்கும்போது அப்படித்தான் இருந்தாரு. தண்ணிகூடச் சிந்தல."

அந்தோணி பின்னாலிருந்து பதில் சொல்லியிருக்கிறார். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாம் தரமும் கேட்டுவிட்டு அண்ணன் சுட்டான்.

"எதிரி குண்டுன்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன்" என்றார் அவில்தார். "வேலு கையெழுத்துப் போட மாட்டேன்னான். கையப் புடிச்சுப் போட வச்சேன்."

"அப்புறம் எதுக்கு எனக்குக் குதிரையும் கழுதையும் சொன்னீங்க? இத்தன நாளா!" என்று கத்தினேன்.

"வேற என்னடா சொல்றது? செத்தவனோட தம்பி வீடு தேடி வந்து நிக்கிறான். உன் அண்ணன் ஒரு வயசாளிய, நம்ம ஆளையே, உக்காந்த எடத்துல சுட்டான்னா? அந்த வாயால எப்படிரா சாப்பிடச் சொல்லுவேன்?"

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அண்ணன் அவர்களை உட்காரச் சொல்லவே மாட்டான். வந்தவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பட்டாளத் திமிர் என்று ஊரில் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புறப்படும்போது அவில்தார் தானே முச்சந்திவரை வந்தார். அம்மா சம்பந்தி மேல் பழி போட்டதை வழியில் அவரிடம் சொன்னேன். வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்திருந்தார் பாய். பஸ் வரும்வரை அவில்தார் ஆற்றைப் பற்றிப் பேசவில்லை. கடைசியில் சொன்னார்.

"உங்கம்மாகிட்ட உக்கும்தார்ங்கறத மட்டும் சொல்லு. பட்டாளத்து வார்த்தை, காவல் வார்த்தைன்னு சொல்லு. அதுவும் நெசந்தான? சம்பந்தி மேல இருக்கற பழி நீங்கிடும். வேலு மேல பழி வராது."

"மீதியை என்ன பண்றது?"

"எங்களுக்குப் பண்ணத் தெரிஞ்சிருந்தா ஆத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருப்போமாடா?"

அந்த பஸ்ஸும் மேட்டில் நின்றது. நானும் இறங்கித் தண்ணீர் ஊற்றினேன். அன்று எரிச்சல் வரவில்லை.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியை எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் யார் கையிலாவது இது கிடைத்தால் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

காவல்காரன் கேட்கிற கேள்வி அது, வருவது யார் என்று அர்த்தம் என்று சொன்னபோது, அம்மா புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "மூணு நாளா யாரு, யாருன்னு கேட்டிருக்கான். நாந்தான்டா, உன் அம்மாதான்னு ஒரு வார்த்த சொல்லலையே நான்" என்றாள். அன்று மத்தியானமே தலையை முடிந்துகொண்டு கிளம்பினாள். வண்டிகூடச் சொல்லவில்லை. அண்ணி ஊருக்கு ஆறு மைல். நடந்தே போனாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்தார்கள். அண்ணி உள்ளே போனாள். குழந்தை இப்போது நடக்கிறது, கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. அண்ணியின் அப்பா மட்டும் வாசலுக்கு வெளியே, துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். படி ஏறவில்லை. அம்மா கட்டிலில் இருந்த துணியைத் தள்ளி, கையால் தட்டி இடம் பண்ணினாள்.

"ஏன் சம்பந்தி அங்கயே நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க."

அவர் தயங்கினார். அம்மா மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தரம் சொன்னபோது உள்ளே வந்து, அதே தலைமாட்டில், மெதுவாகக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்து வெளியே போனேன்.